84 மதிப்பெண் எடுத்த காலையில் ஜீப் சுவரில் மோதியது

வீடு தேனி மாவட்டம் கம்பத்தில், பிழைப்பு மலைமேல் கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சின்னத் தோட்டக்காரர்கள் பச்சைக்காயைக் கொண்டுவந்து போடுவார்கள். உலர்த்திக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வேன். ஒரு ஈடு காய் உலர 18 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம்வரை ஆகும். அடுப்பு அணையவும் கூடாது, சூடு எகிறவும் கூடாது. எகிறினால் காயின் பச்சை நிறம் செத்துவிடும், நிறம் போன காயை ஏலத்தில் யாரும் சீந்த மாட்டார்கள். அதனால் சீசனில் ராத்திரித் தூக்கம் எனக்குத் துண்டு துண்டாகத்தான். பதினாலு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. தூக்கத்துக்கு மதிப்பெண் போடும் ஸ்மார்ட் வாட்ச் கைக்கு வரும்வரை நான் அதை ஒரு நோய் என்று நினைத்ததே இல்லை.

2024 ஜனவரியில் என் மச்சான் இறந்துபோனார். 49 வயது. சாயங்காலம் டீ குடித்துவிட்டு, நெஞ்சு எரியுதுன்னு படுத்தவர்தான். எனக்கு அப்போது 47. காரியம் முடிந்து வீட்டுக்கு வந்த ராத்திரி, கையை நெஞ்சில் வைத்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயத்தில் செய்த முதல் காரியம், போனில் விளம்பரம் வந்த ஒரு வாட்சை 1,799 ரூபாய்க்கு வாங்கியது. நாடித்துடிப்பு, பிரஷர், ஆக்சிஜன், சர்க்கரை எல்லாம் காட்டும், ஊசி குத்தவே வேண்டாம் என்று போட்டிருந்தான். நான் வாங்கிய அதே 2024 பிப்ரவரியில்தான் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, தோலைக் குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்சையும் மோதிரத்தையும் நம்பாதீர்கள், அப்படி ஒன்றுக்கும் நாங்கள் அனுமதி தரவில்லை என்று எச்சரித்திருந்தது. இது எனக்குத் தெரிய வந்தபோது ஒரு வருஷம் ஓடிவிட்டது.

அந்த வாட்சின் லட்சணத்தைக் கண்டுபிடித்தது என் தங்கை மகன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். "மாமா, இதை வாழைப்பழத்துல கட்டுங்க" என்றான். தட்டில் இருந்த நேந்திரம் பழத்தில் பட்டையை இறுக்கி மாட்டினோம். பச்சை விளக்கு எரிந்தது, கொஞ்ச நேரம் சுற்றியது. பழத்துக்கு நாடித்துடிப்பு 76, பிரஷர் 118க்கு 79, ஆக்சிஜன் 98. என்னைவிட ஆரோக்கியமான பழம். வீடே சிரித்தது. சிரிப்பு அடங்கினபிறகுதான் எனக்கு உறைத்தது, ஒரு மாசமாக இந்தப் பிரஷரைப் பார்த்துத்தான் நான் பிரஷர் மாத்திரையை நாள்விட்டு நாள் போட்டுக்கொண்டிருந்தேன். வாட்ச் காட்டுகிறது என்று மாத்திரையில் கை வைக்காதீர்கள். நல்ல கம்பெனி வாட்சில் பிரஷர் பார்க்கும் வசதி இருந்தாலும், கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியோடு ஒப்பிட்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை அதைச் சரிசெய்துகொள்ளச் சொல்கிறார்கள். அப்படி எதுவும் கேட்காமல், கட்டின உடனே பிரஷர் சொல்லும் இந்த மாதிரி மலிவு வாட்ச் எண்களைத் தானாகவே இட்டுக்கட்டி எடுத்து விடுகிறது என்றுதான் அர்த்தம்.

இந்தக் கதையைக் கேட்டு, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் ஏப்ரலில் நல்ல வாட்ச் ஒன்றை வாங்கி அனுப்பினாள். 24,500 ரூபாய், தவணையில். "அப்பா, இதுல தூக்கம் பாக்கலாம், ஸ்கோர் குடுக்கும்" என்றாள். அந்த ஸ்கோர்தான் என்னைத் தின்றது.

முதல் நாள் 58. நூற்றுக்கு 58 என்றால் பாஸ்தானே என்று நினைத்தேன். கீழே 'சுமார்' என்று போட்டிருந்தது. ஆழ்ந்த தூக்கம் 34 நிமிஷம். எவ்வளவு இருக்க வேண்டும் என்று தேடினேன். பெரியவர்களுக்கு மொத்தத் தூக்கத்தில் 13லிருந்து 23 சதவீதம்வரை என்று வந்தது. கணக்குப் போட்டால் ஆறு மணி நேரத்துக்கு 47 நிமிஷமாவது வேண்டும். எனக்குப் பதிமூணு நிமிஷம் குறைகிறது. அந்தப் பதிமூணு நிமிஷத்தைச் சம்பாதிக்க நான் பட்டபாடு கொஞ்சமில்லை. எட்டரைக்கே படுத்தேன். தூக்கம் வராமல் பத்தரை வரைக்கும் ஓட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அமுக்கரா மாத்திரை, மெக்னீசியம் மாத்திரை, கழுத்துக்கென்று ஒரு தலையணை, கண்ணுக்குக் கட்டும் பட்டை என்று 6,200 ரூபாய் போனது. ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளிவிட்டு வந்து படுக்கும்போதே, இன்னிக்கு எவ்வளவு வரும் என்றுதான் மனசு கணக்குப் போடும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி மாதிரி நெஞ்சு அடிக்கும். அந்த அடிப்பையும் வாட்ச் எண்ணி, காலையில் என் பெயரிலேயே பற்று எழுதும்.

ஒரு காலையை மட்டும் சொல்கிறேன். ஜூன் மாதம், மழை விட்ட நாள். எழுந்து பல் விளக்கிவிட்டு வாசலில் நின்றேன். மேட்டுக்கு ஏறும் ஜீப்புகள், தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. உடம்பு லேசாக இருந்தது, ஒரு பாட்டுகூட வாயில் வந்தது. அப்போது போனைத் திறந்தேன். 51. அவ்வளவுதான். தோள் இறங்கிவிட்டது, கண் எரிய ஆரம்பித்தது. நேற்று வரவேண்டிய காசு இன்னும் வரவில்லை என்று ஒரு தோட்டக்காரரிடம் வள்ளென்று விழுந்தேன். அரை நிமிஷம் முன்னால் பாட்டுப் பாடிய ஆள். இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், ஆர்த்தோசோம்னியா. 2017இல் அமெரிக்கத் தூக்க ஆய்வாளர்கள் சிலர், வாட்ச் எண்ணை நல்லதாக்கப் போய்த் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களைப் பற்றி எழுதியபோது வைத்த பெயர். எனக்கு வந்ததற்குப் பெயர் இருக்கிறது என்று தெரிந்ததே ஒரு ஆறுதலாக இருந்தது.

வாட்சுக்குத் தூக்கம் எப்படித் தெரிகிறது என்பதை முதலிலேயே விளங்கிக்கொண்டிருந்தால் இவ்வளவு ஆடியிருக்க மாட்டேன். தூக்கத்தின் கட்டங்களை நிஜமாக அறிய மூளையின் அலையைப் பார்க்க வேண்டும், அதற்கு மண்டையில் ஒயர் ஒட்ட வேண்டும். வாட்ச் மணிக்கட்டில் இருக்கிறது. அதற்குத் தெரிவதெல்லாம் கை அசைகிறதா என்பதும், பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் அடித்துத் திரும்பி வருவதை வைத்து ரத்தம் எப்படித் துடிக்கிறது என்பதும்தான். அசைவு இல்லை, துடிப்பு நிதானம், சரி, ஆழ்ந்த தூக்கம் என்று ஊகிக்கிறது. அதனால் மொத்தமாக எத்தனை மணிக்குப் படுத்தோம், எத்தனை மணிக்கு எழுந்தோம் என்பதை ஓரளவு ஒழுங்காகச் சொல்லும். அசையாமல் விழித்துக் கிடந்தால் பல நேரம் அதையும் தூக்கத்தில் சேர்த்துவிடும். கட்டங்களைப் பிரித்துச் சொல்வது இன்னும் பலவீனம். என்னை மாதிரி ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து விறகு தள்ளி, மறுபடி நாலு மணிக்குப் படுக்கிறவனின் துண்டுத் தூக்கத்தை அது ஒருநாள் ஒரு மாதிரி ஒட்டும். என் 34 நிமிஷம் 34 நிமிஷமே இல்லை.

ஜூலையில் பெரிய செலவு வந்தது. ஸ்டோரில் தனியாக இருந்தேன். வெளியே சாரல், குளிர் எலும்பில் ஏறுகிறது. இரண்டேகாலுக்கு முழிப்பு வந்து போனைப் பார்த்தால், ராத்திரி ஆக்சிஜன் 83 என்று சிவப்பில் காட்டுகிறது. கொரோனா காலத்தில் 90க்குக் கீழே போன ஆட்களை ஆம்புலன்ஸில் ஏற்றியதைப் பார்த்தவன் நான். கை கால் விறைத்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து மலையாளிச் சேட்டனை எழுப்பி, அவர் ஜீப்பிலேயே கட்டப்பனையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் எனக்கு மச்சான் முகம். அங்கே விரலில் மாட்டிப் பார்த்தார்கள், 97. ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, எக்கோ, ஒரு ராத்திரி படுக்கை. எல்லாம் நார்மல். "ஒண்ணும் பேடிக்கண்டா, வாட்ச் அழிச்சு வெச்சிட்டு உறங்கிக்கோ", பயப்படாமல் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கு என்று இளம் டாக்டர் சிரித்தார். 14,600 ரூபாய்.

வாட்ச் தப்பாகக் காட்ட அவர் சொன்ன காரணங்களில் தப்பில்லை. பட்டை தளர்ந்திருந்தாலும், கையை மடக்கி அதன்மேல் படுத்தாலும், குளிரில் தோலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தாலும் வாட்ச் ஆக்சிஜனைக் குறைத்துக் காட்டும். நம் தோல் நிறத்தாலும் அளவு தப்பாக வரலாம். விரலில் மாட்டும் கருவியே கறுப்பு நிறத் தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டிவிடுகிறது என்று 2020இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது, அதன்பிறகு எஃப்டிஏவும் எச்சரித்தது. வெளிச்சத்தை வைத்து அளக்கிற எதற்கும் இந்தத் தொல்லை வரலாம். அதனால் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து ஓடாதீர்கள். எழுந்து உட்கார்ந்து, கையைச் சூடாகத் தேய்த்து, விரல் கருவியில் ஒருமுறை பாருங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலம் இருந்தால் மட்டும் எண் என்ன என்று பார்க்காமலே கிளம்புங்கள். இதையெல்லாம் அன்று தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, நான் செய்ததுதான் இந்தக் கதையிலேயே பெரிய முட்டாள்தனம். ஆக்சிஜன் பார்க்கும் வசதியை வாட்சில் அணைத்துவிட்டேன். ஏன் முட்டாள்தனம் என்று பின்னால் வரும்.

ஆக்சிஜனை அணைத்தேன், ஸ்கோரை விடவில்லை. ஆகஸ்டில் காய் எடுப்பு சூடுபிடித்தது, தூக்கம் இன்னும் கெட்டது. தெரிந்த ஒருவர், ஒரு மாத்திரையின் பெயரை எழுதிக் கொடுத்தார். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மாத்திரை. ஒரு கடையில் கேட்ட உடனே கிடைத்தது. போட்ட ராத்திரியிலிருந்து ஸ்கோர் ஏறியது. 72, 77, 81. மகளுக்குப் படம் பிடித்து அனுப்பினேன், கைதட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினாள். ஆனால் பகலில் நான் ஆளாகவே இல்லை. காய் எடை போடும்போது தராசைப் பிடித்தபடியே கண் சொக்கும். ஒரு தோட்டக்காரர் 40 கிலோ என்பார், நான் 14 என்று எழுதிவைத்திருப்பேன். காலையில் எழுந்தால் தலை பாரமாக இருக்கும், நாக்கு அட்டை மாதிரி காய்ந்திருக்கும். ஆனாலும் போனில் 81 இருக்கிறதே, தூக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, இது வேறு ஏதோ என்றுதான் நம்பினேன். மாத்திரை போட்டு அசையாமல் கிடந்ததைத்தான் வாட்ச் நல்ல தூக்கம் என்று எழுதியது. கட்டையைப் படுக்கப் போட்டாலும் அது அசையாது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. அன்று காலை ஸ்கோர் 84. அதுவரை வந்ததிலேயே அதிகம், 'மிக நன்று'. இரண்டு மூட்டை உலர்ந்த காயை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக இறங்கினேன். நல்ல வெயில், மஞ்சு இல்லை, எதிரில் வண்டி இல்லை. கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைப் பந்தல் பச்சைப் பாய் விரித்த மாதிரி தெரிந்தது. அதைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது சத்தம். கொண்டை ஊசி வளைவில் ஜீப் நேராகப் போய்க் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றிருந்தது. பம்பர் உள்ளே போய் ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் நெஞ்சு இடித்து மூன்று வாரம் வலித்தது. சுவர் இல்லாத இடமாக இருந்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை. ஒரு மாசம் கழித்து என்றால் ஐயப்ப சீசன், அந்தப் பாதை முழுக்க மேலே ஏறும் பக்தர்களின் வேனாக இருந்திருக்கும். அதை நினைத்து இன்றைக்கும் ராத்திரியில் வியர்க்கிறது. ரிப்பேர் 31,000 ரூபாய்.

பிரேக் பிடிக்கவில்லை என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் எண்ணெய் காய்ச்சி நெஞ்சில் தடவினாள். தடவிக்கொண்டே, "தூங்கிட்டீங்கதானே?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. "நாலு வருசமாச் சொல்றேன். ராத்திரி நீங்க பாட்டுக்குச் செத்துச் செத்துப் பொழைக்கிறீங்க. கொறட்டை விடுறீங்க, திடீர்னு சத்தம் நின்னுருது. மூச்சே இல்ல. நான் எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன். முப்பதும் போகும், நாப்பதும் போகும். அப்புறம் தண்ணியில முங்குன ஆளு வெளிய வர்ற மாதிரி ஒரு இழுப்பு. விலாவுல குத்துனாப் பொரண்டு படுக்குறீங்க. எனக்கு மட்டும் தூக்கம் போச்சு. நீங்க என்னன்னா காலையில எந்திரிச்சுக் கையைப் பாக்குறீங்க." உண்மையாகவே சொல்லியிருக்கிறாள். கொறட்டையைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் கோபப்பட்டிருக்கிறேன். 24,500 ரூபாய் வாட்ச் சொன்னதைக் கேட்ட நான், பக்கத்தில் படுத்திருப்பவள் சொன்னதைக் கேட்கவில்லை. அன்று ராத்திரி அவள் போனில் குரல் பதிவைப் போட்டுத் தலைமாட்டில் வைத்தாள். காலையில் கேட்டேன். ஒரு இடத்தில் 38 விநாடி ஒன்றுமில்லை, சுவர்க்கோழிச் சத்தம் மட்டும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே மூச்சு முட்டியது.

நுரையீரல் டாக்டரைப் பார்க்க மதுரைக்குப் போனோம். தூக்கத்தில் மூச்சு நிற்கும் இந்த விஷயத்துக்கு, ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள், முதலில் போக வேண்டியது நுரையீரல் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோதான் என்பதுகூட எனக்குத் தெரியாது, இதய டாக்டர், நரம்பு டாக்டர் என்று சுற்றத் தயாராக இருந்தேன். அவர் வாட்சைப் பார்க்கவே இல்லை. "கூடப் படுக்கிறவங்க வந்திருக்காங்களா?" என்று கேட்டு, மனைவியை உட்காரச் சொன்னார். எட்டுக் கேள்வி. கதவைத் தாண்டிக் கேட்கும் குறட்டையா, பகலில் அசதியா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பிரஷர் உண்டா, உடல் பருமன் எண் 35க்கு மேலா, வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா. டேப் வைத்து அளந்தார், எனக்கு 42. ஆறு கேள்விக்கு ஆமாம். ஐந்து வந்தாலே ஆபத்து அதிகமாம். இதற்குக் காசு வேண்டாம், கரண்ட் வேண்டாம், தையல்காரர் டேப் போதும். ராத்திரி மூன்று முறை சிறுநீருக்கு எழுவது, விடிகாலைத் தலைவலி, வாய் காய்வது, மூன்று வருஷமாக மாத்திரை மாற்றி மாற்றிப் போட்டும் இறங்காத பிரஷர், எல்லாம் ஒரே கொடியில் காய்த்தவை என்றார். நான் சர்க்கரை என்று பயந்து இரண்டு தடவை டெஸ்ட் எடுத்திருந்தேன். தூக்க மாத்திரையைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மூச்சு நிற்கும்போது மூளை எழுப்பிவிடுவதையும் மழுங்கடிக்கும். என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்த முழிப்புக்கே நான் மருந்து போட்டிருக்கிறேன். மதுவும் இதே வேலையைத்தான் செய்யும் என்று என்னைப் பார்த்தார், நான் மனைவியைப் பார்த்தேன். மாத்திரையையும் நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். எனக்கு அவர் இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தார்.

தூக்கப் பரிசோதனை ஒரு ராத்திரி, 9,000 ரூபாய். தலையில் பசை வைத்து ஒயர், கண்ணோரம் ஒயர், தாடையில் ஒயர், மூக்கில் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, காலில் ஒயர், விரலில் கிளிப். மாட்டுப்பொங்கலுக்கு அலங்கரித்த மாடு மாதிரி இருந்தேன். இதில் எப்படித் தூங்குவது என்று பயப்படாதீர்கள், சில மணி நேரம் தூங்கினாலே அவர்களுக்குப் போதும். வீட்டுக்கே கொடுத்தனுப்பும் சின்னக் கருவியும் உண்டு, விலை குறைவு, ஒயர் குறைவு, உங்களுக்கு அது போதுமா என்று டாக்டரைக் கேளுங்கள். எண்ணெய் தேய்க்காமல் தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் பசை ஒட்டாது. முடிவு வந்தது. மணிக்கு 38 தடவை மூச்சு நிற்கிறது, அல்லது வெகுவாகக் குறைகிறது. ஐந்துக்குக் கீழே இருந்தால் நார்மல், 15வரை லேசு, 30வரை நடுத்தரம், அதற்கு மேலே தீவிரம். ஆழ்ந்த தூக்கம் இவ்வளவு குறைந்ததற்கும் அதுதான் காரணம், ஆழத்துக்குப் போகும் முன்னே மூச்சு நின்று முழிப்பு தட்டிவிடுகிறது. காலையில் அந்த முழிப்பு நினைவில் இருக்காது.

அறிக்கையில் இன்னொரு எண் இருந்தது. ஆக்சிஜன் மிகக் குறைந்தது 79. நான் கட்டப்பனைக் கதையைச் சொன்னேன். டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார், "அன்னிக்கு வாட்ச் பொய் சொல்லியிருக்கலாம், நிஜத்தையும் சொல்லியிருக்கலாம். மூச்சு நிக்கும்போது எறங்கும், முழிச்சதும் ஏறிரும். நீங்க ஜீப்ல போயி உக்காந்து விரல்ல மாட்டுனா 97தான் காட்டும். முழிச்சிருக்கிற ஆளுக்கு எடுத்த எல்லா டெஸ்ட்டும் நார்மலாத்தான் வரும்." எனக்குப் பேச்சு வரவில்லை. தினமும் அது இறங்கியதா, ஒருநாள் மட்டுமா என்று தொடர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் ஒரு நாளுக்குப் பயந்து ஓடினேன், பயம் தீர்ந்ததும் கண்ணை மூடிவிட்டேன். அதனால்தான் சொல்கிறேன், ஒரு ராத்திரி எண்ணை விடுங்கள், இரண்டு மூன்று வாரம் ஒரே மாதிரி இறங்குகிறது என்றால் அந்த வரைபடத்தை டாக்டரிடம் கொண்டுபோங்கள். கொண்டுபோகும்போது 'தூங்கும்போது' இறங்குகிறது என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். கட்டப்பனை டாக்டரிடம் நான் குறட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்த 2024லேயே இரண்டு பெரிய கம்பெனி வாட்சுகளுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்பதற்கான அறிகுறியைக் காட்டும் வசதிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. அதுவும் நடுத்தரம், தீவிரம் இருக்கலாம் என்று எச்சரிப்பதற்குத்தான், நோய் இல்லை என்று சான்றிதழ் தருவதற்கு இல்லை.

மருத்துவம் என்பது சிபேப் மெஷின். காற்றை அழுத்தமாக மூக்குக்குள் தள்ளி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். 1981இல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் கொண்டுவந்தது. எடுத்த எடுப்பில் வாங்காதீர்கள். நான் மாசம் 4,500 ரூபாய் வாடகைக்கு எடுத்து, ஒத்துவருகிறது என்று தெரிந்தபிறகு 46,000 கொடுத்து வாங்கினேன். என் இன்சூரன்ஸ் பாலிசி இதற்குப் பைசா தரவில்லை, கேட்டுவிட்டு வாங்குங்கள். முதல் பத்து நாள் நரகம். காற்று ஓரத்தில் ஒழுகி உஸ்ஸென்று கண்ணுக்குள் அடித்தது. மாஸ்க்கை மாற்றினேன், பட்டையை இறுக்கினேன், நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் காரணம் என் மீசை. இருபது வருஷ மீசை, தேனி மாவட்டத்து ஆளுக்கு அது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூக்குத் துளையில் மட்டும் உட்காரும் சின்ன மாஸ்க் ஒன்று இருக்கிறது, 'மீசைக்காரங்களுக்கு அதுதான் சார் சரி' என்று கடைப் பையன் கொடுத்தான். மீசை தப்பியது. மலையில் கரண்ட் போவதுதான் இன்னொரு தொல்லை, மெஷின் நின்றால் மூச்சு முட்டி முழிப்பு வரும். ஸ்டோரில் இன்வெர்ட்டரை இதற்கென்று தனியாக இழுத்துவிட்டேன். ஈரப்பதத்துக்கு ஊற்றும் தண்ணீர் வாலை வடித்ததாக இருக்க வேண்டும், எங்கள் ஊற்றுத் தண்ணீர் ஆகாது. எடை ஆறு கிலோ குறைத்திருக்கிறேன், ஒருக்களித்துப் படுக்கப் பழகுகிறேன். மூன்று வாரத்தில் விடிகாலைத் தலைவலி போனது, ராத்திரி எழுவது ஒருமுறையாகக் குறைந்தது. பிரஷர் மாத்திரை ஒன்றை டாக்டர் குறைத்திருக்கிறார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாட்ச், தலையணை மாத்திரை வகையறா, கட்டப்பனை, ஜீப் ரிப்பேர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 78,000. உருப்படியான பரிசோதனை, வாடகை, மெஷின் எல்லாம் சேர்த்து 60,000க்குள். மனைவி முதல்முறை சொன்னபோதே போயிருந்தால் இரண்டாவது கணக்கு மட்டும்தான், நாலு வருஷமும் மிச்சம். வாட்சை நான் எறியவில்லை, மகள் தவணை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறாள். நடைக்கு, நாடித்துடிப்புக்கு, அடுப்பைப் பார்க்க ராத்திரி கையிலேயே அதிரும் அலாரத்துக்கு வைத்திருக்கிறேன், பக்கத்தில் இருப்பவரை எழுப்பாமல் எழலாம். ஸ்கோர் காட்டும் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டேன். டாக்டர் ஒரு நோட்டு போடச் சொன்னார், படுத்த நேரம், எழுந்த நேரம், பகலில் கண் சொக்கியதா, இவ்வளவுதான். காலையில் போனைத் தொடும் முன்னே, எப்படி இருக்கிறது உடம்பு என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன்.

அன்று ராத்திரி என்னைக் கட்டப்பனைக்கு ஓட்டிப்போன சேட்டனும் இப்போது ஒரு வாட்ச் கட்டியிருக்கிறார், துபாயிலிருந்து மருமகன் கொடுத்தனுப்பியது. போன வாரம் காய் போட வந்தவர், கையை நீட்டி, "அண்ணாச்சி, நோக்கு, எண்பத்தேழு" என்றார். அவர் ஜீப்பில் காத்திருக்கும்போதே குறட்டை விடுகிறவர். கழுத்தும் காலருக்குள் அடங்காத கழுத்து. டேப்பை எடுத்து அளந்தேன், 43. சேச்சி ராத்திரி என்ன சொல்றாங்க என்று கேட்டேன். அவள் இரண்டு வருஷமாகப் பக்கத்து அறையில்தான் படுக்கிறாள் என்று சிரித்தார். மதுரை டாக்டரின் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எடுப்பு முடியட்டும், போகிறேன் என்கிறார். அதுவரை அவர் மூட்டையோடு கம்பம்மெட்டு இறங்கும்போது என் பையனை ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.